மிமா இட்டோ வளர்ந்த ஊரில் சில நாட்கள்

சனிக்கிழமை, டோக்கியோ

செண்டகாயா ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் தெரிவதே டோக்கியோ மெட்ரோபாலிட்டன் ஜிம்னேசியம்தான், யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. உலோகத் தகடு போர்த்திய அகலமான கூரை, சுற்றி நடக்க நல்ல அகலமான முற்றம். ஜப்பானுக்கு வருகிறவர்கள் முதல் வேலையாக அசகுசா கோயிலுக்கோ ஷிபுயா சிக்னலுக்கோ போவார்கள். எனக்கு இங்கே வர வேண்டும் என்பது நாலு வருடத்துக்கும் மேலான ஆசை, ஏனென்றால் 2021 ஜூலை 26ஆம் தேதி ராத்திரி இந்தக் கட்டடத்துக்குள்தான் அந்த ஆட்டம் நடந்தது.

ஒலிம்பிக் டேபிள் டென்னிஸ் கலப்பு இரட்டையர் இறுதிப்போட்டி. ஜப்பான் பக்கம் ஜுன் மிசுதானியும் மிமா இட்டோவும். சீனா பக்கம் ஷு சின்னும் லியு ஷிவென்னும். கொரோனா காலம், அரங்கில் ரசிகர்கள் யாரும் இல்லை. 5-11, 7-11 என்று முதல் இரண்டு கேமும் போய்விட்டது. அடுத்த மூன்றையும் ஜப்பான் 11-8, 11-9, 11-9 என்று எடுத்தது, ஆறாவது 6-11. ஏழாவது கேமில்தான் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது: மூச்சு விடுவதற்குள் ஜப்பான் 8-0. பதினோரு பாயின்ட் கேமில் 8-0, அதுவும் சீனாவுக்கு எதிராக, அதுவும் இறுதிப்போட்டியின் கடைசி கேமில்! 11-6 என்று முடிந்தது. டேபிள் டென்னிஸ் 1988இல் ஒலிம்பிக்கில் சேர்ந்ததிலிருந்து ஜப்பானுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. 2004இல் கொரியாவின் ரியு செங் மின் ஆண்கள் ஒற்றையரில் ஜெயித்த பிறகு சீனா அல்லாத ஒரு நாட்டுக்குப் போன முதல் தங்கமும் அதுதான்.

இத்தனைக்கும் இந்த விளையாட்டில் ஜப்பான் புது நாடு இல்லை. இதே இடத்தில் முன்பு இருந்த பழைய அரங்கில் 1956 உலக சாம்பியன்ஷிப் நடந்தது, அதில் ஒற்றையர் பட்டத்தை வென்றவர் இசிரோ ஒகிமுரா. ஐம்பதுகளில் உலகமே ஜப்பானைப் பார்த்துத்தான் ஆடக் கற்றுக்கொண்டது. அப்புறம் சீனா எழுந்தது, ஜப்பான் மெல்லப் பின்தங்கியது, முதல் ஒலிம்பிக் பதக்கம் வரவே 2012 லண்டன் வரை ஆனது.

உள்ளே இன்றைக்கு அனுமதி இல்லை. சுற்றி வந்து, முற்றத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பினேன். நாளைக்கு ஹமமாட்சு, மிமா வளர்ந்த இவாட்டா அதற்குப் பக்கத்தில்தான்.

ஞாயிறு, ஹமமாட்சு

டோக்கியோவிலிருந்து கொடாமா என்ற ஷின்கான்சென் (புல்லட் ரயில்). எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் வண்டி, ரெண்டு மணி நேரம் ஆகிறது, வேகமான ஹிகாரி சில இங்கேயும் நிற்கும் என்றாலும் எனக்கு அவசரமில்லை, வழியெல்லாம் தேயிலைத் தோட்டம் பார்த்துக்கொண்டு வரலாம். இங்கே விலாங்கு மீன்தான் பேர்போன சாப்பாடு, கூடவே கியோசா என்ற கொழுக்கட்டை. ரெண்டையும் பார்த்தாயிற்று, விலாங்கு அருமை, விலைதான் கை சுடுகிறது.

வண்டியில் வரும்போது போனில் பழைய ஆட்டங்களையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். மிமா இட்டோவைப் பற்றி இறுதிப்போட்டியை வைத்துத்தான் எல்லோரும் பேசுகிறார்கள், ஆனால் அவரைப் புரிந்துகொள்ள அதற்கு முந்தைய நாள் நடந்த காலிறுதியைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வேன். எதிரில் ஜெர்மனியின் பாட்ரிக் ஃபிரான்சிஸ்காவும் பெட்ரிசா சோல்யாவும். ஏழாவது கேமில் ஜப்பான் 2-9 பின்தங்கியிருந்தது. இன்னும் ரெண்டே பாயின்ட், தங்கக் கனவு அங்கேயே முடிந்திருக்கும். அங்கிருந்து ஏறி வந்து, ஏழு மேட்ச் பாயின்ட்டை, அதாவது இன்னும் ஒரு பாயின்ட் போனால் தோல்வி என்ற நிலையை ஏழு முறை, காப்பாற்றி, 16-14 என்று ஜெயித்தார்கள்.

இதில் சோல்யா என்ற பெயரைக் கவனியுங்கள். 2015 மார்ச்சில் ஜெர்மன் ஓபன் இறுதியில் இதே சோல்யாவைத்தான் மிமா தோற்கடித்தார், அப்போது அவருக்கு வயது 14. உலக டூர் ஒற்றையர் பட்டத்தை அதுவரை அவ்வளவு சின்ன வயதில் யாரும் வென்றதில்லை. அடுத்த வருடம் ரியோ ஒலிம்பிக், பெண்கள் அணி அரையிறுதி, ஜெர்மனி. மிமாவுக்கு வயது 15, எதிரில் மறுபடியும் சோல்யா, கடைசி கேமில் 9-3 என்று முன்னிலை. அங்கிருந்து தோற்றார். ஜப்பான் அந்த அரையிறுதியை 2-3 என்று இழந்தது. வேறு யாராவது என்றால் அந்த 9-3 பல வருடம் தூங்க விட்டிருக்காது. ஆனால் மிமா வெண்கலப் போட்டியில் சிங்கப்பூரின் ஃபெங் தியென்வெய்யை 3-0 என்று நேராக வென்று அணிக்குப் பதக்கத்தை உறுதி செய்தார். டேபிள் டென்னிஸில் மிகக் குறைந்த வயதில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர் என்ற பெயரும் அதோடு வந்தது.

9-3இல் தோற்ற அதே ஆளிடம் ஐந்து வருடம் கழித்து 2-9இல் நிற்கும்போது என்ன செய்வது? பாதுகாப்பாகப் பந்தைப் போட்டு, எதிராளி தப்பு செய்யக் காத்திருப்பது ஒரு வழி. நம் ஊர் கோச்கள் பெரும்பாலும் அதைத்தான் சொல்வார்கள். மிமா செய்தது நேர் எதிர். இன்னும் முன்னால் வந்து, இன்னும் சீக்கிரம் அடித்தார். இன்றைக்கு வண்டியில் அந்தக் கேமைப் பார்த்தபோது மிசுதானி ஆடும் பந்துகளை விட்டுவிட்டு மிமா ரிசீவ் எடுக்கும் பந்துகளை மட்டும் பார்த்தேன். ஒன்றுகூடத் தயங்கி எடுத்த மாதிரி தெரியவில்லை.

திங்கள், இவாட்டா

ஹமமாட்சுவிலிருந்து டோக்காய்டோ லைனில் கிழக்கே மூன்றாவது ஸ்டேஷன் இவாட்டா. நடுவில் தென்ரியு ஆற்றின் நீளமான பாலம், ஆறு அகலம் அதிகம், தண்ணீரைவிட கூழாங்கல் மணல்தான் கண்ணுக்குப் படுகிறது. ஆற்றைத் தாண்டினால் டொயோதாசோ, அதற்கு அடுத்து இவாட்டா. யமஹா மோட்டாரின் தலைமையகம் உள்ள ஊர், ஜூபிலோ இவாட்டா என்ற ஃபுட்பால் அணியின் ஊர். ஸ்டேஷனின் வடக்கு வாசலுக்கு முன்னால் பல நூறு வருடம் பழைய பெரிய கற்பூர மரம் ஒன்று நிற்கிறது. எதிரே சைக்கிள் நிறுத்தம், டாக்சி வரிசை, அமைதியான சின்ன ஊர்.

இந்த ஊரிலிருந்துதான் மிசுதானியும் மிமாவும். ஒரே ஊர் மட்டுமில்லை, ஒரே கிளப். மிசுதானியின் அப்பா அம்மா டொயோதாசோவில் குழந்தைகளுக்காக நடத்திய டேபிள் டென்னிஸ் கிளப்பில்தான் ரெண்டு பேரும் ஆடி வளர்ந்தார்கள். மிசுதானி 1989இல் பிறந்தவர், மிமா 2000இல், பதினோரு வயது வித்தியாசம். குழந்தையாக இருந்தபோதிருந்தே பார்த்துப் பழகிய அண்ணன் தங்கை மாதிரி. ஒலிம்பிக் தங்கம் வென்ற ஜோடி என்றால் தேசியப் பயிற்சி முகாமில் சேர்த்துவைத்த ஜோடியாகத்தான் இருக்கும் என்று நினைப்போம், இவர்கள் பக்கத்துத் தெருப் பழக்கம்.

தங்கம் வென்றவர்களின் ஊர்களில் தங்க நிறத் தபால் பெட்டி வைப்பது டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு நடந்தது, இவாட்டாவிலும் ஒன்று இருக்கிறது. வெயிலில் பளபளவென்று நிற்கிறது, இருவர் பெயரும் பலகையில். நான் நின்றுகொண்டிருந்தபோதே ஒரு பெரியவர் வந்து பையிலிருந்து கடிதம் எடுத்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனார். அவருக்கு அது தபால் பெட்டி, அவ்வளவுதான். எனக்கு அது பிடித்திருந்தது.

மிசுதானியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும், அவரை விட்டு மிமாவைப் பேச முடியாது. இடக்கையர். பதினாலு வயதில் ஜெர்மனிக்குப் போய் டூசல்டார்ஃபில் பயிற்சி எடுத்தவர். 17 வயதில் ஜப்பான் தேசிய சாம்பியன், மொத்தம் 10 முறை அந்தப் பட்டம். ரியோவில் ஒற்றையர் வெண்கலம், அணிப் போட்டியில் வெள்ளி, அந்த அணி இறுதிப்போட்டியில் ஷு சின்னையே தோற்கடித்தார். மேசையை விட்டு நாலைந்து மீட்டர் பின்னால் போய் உயரமாகப் பந்தைத் தூக்கிவிட்டு, எதிராளி அடிக்க அடிக்க எடுத்துக்கொண்டே இருந்து, திடீரென்று ஒரு பந்தைத் திருப்பி அடிப்பது அவருக்குக் கைவந்த கலை. பேட்டின் மேல் ஒட்டியிருக்கும் ரப்பரில் வேகத்துக்காகத் தடவும் சட்டவிரோத பூஸ்டர்களை எதிர்த்து, லண்டன் ஒலிம்பிக்குக்குப் பிறகு சர்வதேசப் போட்டிகளையே கொஞ்ச காலம் புறக்கணித்தவர். கடைசி வருடங்களில் கண்ணில் பிரச்சினை, பிரகாசமான அரங்கில் எல்.இ.டி விளம்பரப் பலகைகளுக்கு முன்னால் பந்து தெரியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். டோக்கியோவோடு ஓய்வு.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒருவர் தூரத்தில் நின்று நேரத்தை வாங்குகிறவர், இன்னொருவர் மேசையோடு ஒட்டி நின்று நேரத்தைப் பறிக்கிறவர். இரட்டையரில் மாற்றி மாற்றித்தான் அடிக்க வேண்டும், எதிராளிக்கு ஒவ்வொரு பந்தும் வேறு வேகம், வேறு உயரம், வேறு சுழற்சி. இடக்கை வலக்கை ஜோடி என்பதால் கால் மாற்றி நகரும்போது இருவரும் மோதிக்கொள்வதும் குறைவு. ஷு சின் மாதிரியான ஒரு மேதைக்கே ரிதம் கிடைக்காமல் போனதற்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

மிமாவுக்கு முதல் கோச் அவருடைய அம்மா, அவரும் டேபிள் டென்னிஸ் வீராங்கனை. ரெண்டு வயது முடியும் சமயத்தில் கையில் பேட் வந்துவிட்டது. கிளப் போக வீட்டிலேயே மேசை போட்டு மணிக்கணக்கில் பயிற்சி. பத்து வயதில் ஜப்பான் தேசியப் போட்டியின் பெரியவர்கள் பிரிவில் ஒரு ஆட்டம் ஜெயித்து, ஜப்பானின் இன்னொரு வீராங்கனை ஐ ஃபுகுஹாரா வைத்திருந்த குறைந்த வயது சாதனையை முறியடித்தார். நடுநிலைப் பள்ளிக்கு ஒசாகா போய்விட்டார், அதனால் இவாட்டா என்பது அவருடைய ஆரம்பப் பள்ளி வயது வரைக்குமான ஊர். ஆனால் அவருடைய ஆட்டம் இங்கேயே உருவாகிவிட்டது, அதைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன்.

மாலையில் மிட்சுகே வரை நடந்தேன். பழைய டோக்காய்டோ நெடுஞ்சாலையில் வழிப்போக்கர்கள் தங்கும் ஊராக இருந்தது அது. 1875இல் கட்டிய மரப் பள்ளிக்கூடம் ஒன்று இன்னும் வெள்ளையாக, உச்சியில் கோபுரத்தோடு நிற்கிறது, பார்க்க வேண்டிய கட்டடம்.

செவ்வாய், மறுபடியும் ஹமமாட்சு

இன்றைக்குத்தான் இந்தப் பயணத்தின் உண்மையான நாள்.

பொதுவாக ஜப்பானில் ஊருக்கு ஊர் நகராட்சி விளையாட்டுக் கூடம் உண்டு, கொஞ்சம் காசு கட்டினால் மேசை கிடைக்கும், உள்ளே போட்டுக்கொள்ளத் தனி ஷூ வேண்டும், மற்றபடி யாரும் எதுவும் கேட்பதில்லை. காலையில் போனால் முழுக்கப் பெரியவர்கள். அறுபது, எழுபது வயதுப் பெண்கள் பாதிப் பேருக்கு மேல். எனக்குப் பார்ட்னர் இல்லை என்று தெரிந்ததும் ஒரு அம்மா கையசைத்துக் கூப்பிட்டார். எழுபது வயதுக்குக் குறையாது. போனில் மொழிபெயர்ப்பு ஆப் வைத்துக்கொண்டு ரெண்டு வார்த்தை பேசினோம், அவர் தன் பேட்டைத் திருப்பிக் காட்டினார்: ஃபோர்ஹேண்டில் வழவழப்பான சாதாரண ரப்பர், பேக்ஹேண்டில் ஷார்ட் பிம்பிள்ஸ். மிமா ஆடுகிற அதே அமைப்பு. நான் மிமா பெயரைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

பிம்பிள்ஸ் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: நாம் பெரும்பாலும் ஆடும் ரப்பரில் புள்ளிகள் உள்பக்கம் ஸ்பாஞ்சைப் பார்த்து இருக்கும், வெளியே வழவழப்பு, பந்து நன்றாக ஒட்டும், ஸ்பின் நிறைய வரும். ஷார்ட் பிம்பிள்ஸில் அந்தப் புள்ளிகள் வெளியே பார்த்து இருக்கும். பந்து தொடும் பரப்பு குறைவு, எதிராளியின் ஸ்பின் அவ்வளவாகப் பாதிக்காது, அதே சமயம் நீங்கள் கொடுக்கும் ஸ்பின்னும் குறைவு.

இது எல்லாம் எனக்கு முன்பே தெரியும். ஆனால் தெரிந்திருப்பது வேறு, எதிரில் நின்று வாங்குவது வேறு. நான் ஒரு நல்ல டாப்ஸ்பின் போட்டேன், பந்து முன்பக்கமாகச் சுழன்றுகொண்டு போகும் அடி அது. சாதாரணமாக எதிராளி அதை பிளாக் செய்தால், அதாவது பேட்டை வைத்துத் தடுத்தால், பந்து வளைந்து வந்து மேசையில் பட்டதும் என் பக்கம் பாய்ந்து ஏறும். அந்த அம்மா இடத்தை விட்டு நகரவில்லை, பந்து துள்ளிய உடனே, அது இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே, மணிக்கட்டை லேசாக முன்னால் தள்ளினார். பந்து வலையை ஒட்டி நேர்கோட்டில் வந்தது, வளைவே இல்லை. மேசையில் பட்ட பிறகு பாயவும் இல்லை, நனைந்த துணிப்பந்து போலச் சொத்தென்று கீழே இறங்கியது. என் பேட் அதற்குமேல் ஒரு சாண் உயரத்தில் காற்றைத் துழாவியது. அடுத்த பந்துக்கு நான் கீழே காத்திருந்தேன், அவர் அதே அசைவில் கொஞ்சம் அழுத்தி அடித்தார், இந்த முறை பந்து வேகமாக என் முழங்கைக்கு வந்தது. ஒரே அசைவு, ரெண்டு வேறு பந்து. பக்கத்து மேசையில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்துக் கைதட்டினார்கள்.

மிமாவை எதிர்த்து ஆடும் உலக சாம்பியன்களுக்கு நடப்பது இதுதான், இதைவிடப் பல மடங்கு வேகத்தில். 2018 நவம்பரில் ஸ்டாக்ஹோமில் நடந்த ஸ்வீடிஷ் ஓபனில் அவர் லியு ஷிவென், டிங் நிங், சு யூலிங் என்று சீனாவின் மூன்று உச்ச வீராங்கனைகளைத் தொடர்ந்து வென்றார், இறுதியில் சு யூலிங்கை 4-0. சீன ரசிகர்கள் அவரை ‘அசுரப் பேரரசன்’ என்று அழைக்க ஆரம்பித்தார்கள். அந்த ஆட்டங்களில் சு யூலிங் மாதிரி நிதானமான ஒருவர் பந்தை எடுக்கத் தடுமாறுவதைப் பார்த்தால், இன்றைக்கு எனக்கு நேர்ந்தது நன்றாகவே புரிகிறது.

ஆனால் நம் ஊரில் பலர் சொல்வது போல இது வெறும் ரப்பர் தந்திரம் இல்லை, இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். டாப்ஸ்பின் ஆட்டக்காரருக்கு ஒரு காப்பு உண்டு: ஸ்பின் பந்தை வளைத்துக் கீழே இறக்கிவிடும், வலைக்கு மேல் தாராளமாக உயரம் கொடுத்து அடிக்கலாம். தட்டையாக அடிப்பவருக்கு அந்தக் காப்பு கிடையாது. வலை 15.25 செ.மீ. உயரம், மேசை 2.74 மீட்டர் நீளம், அந்த இடைவெளியில் நேர்கோட்டில் வேகமாகப் போகும் பந்தை இறக்க வேண்டும். கொஞ்சம் தாழ்ந்தால் வலை, கொஞ்சம் ஏறினால் வெளியே. பந்து ஏறும்போதே அடிக்க வேண்டும் என்பதால் முடிவெடுக்க நேரமும் இல்லை. மிமா இன்னும் ஒரு படி மேலே போய், ஸ்பின் போட வசதியான ஃபோர்ஹேண்ட் ரப்பரிலேயே தட்டையாகக் குத்துகிறார். பேட் முகத்தை மூடாமல், குத்துச்சண்டைக்காரர் கை நீட்டுவது போல நேராக ஒரு அடி, ஜப்பானில் அதற்கு ‘மிமா பன்ச்’ என்றே பெயர். கை வீச்சு அவ்வளவு சின்னது, எதிராளிக்கு அது எங்கே போகும் என்று படிக்க எதுவுமே மிச்சம் இருப்பதில்லை.

அவருடைய சர்வீஸ் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுதலாம். ஊஞ்சல் மாதிரி உடம்பை அசைத்துப் பந்தை உயரத் தூக்கிப் போடுவது ஒன்று, பேட்டை உடம்புக்குள் இழுத்துச் சுருட்டும் சர்வீஸ் ஒன்று, அதே சுருட்டலில் கடைசி நொடியில் ஸ்பின்னே இல்லாமல் விடுவது ஒன்று. ஒரு ஆட்டத்துக்குள்ளேயே மாற்றிக்கொண்டே இருப்பார். சுமார் ஒன்றரை மீட்டர் உயரம்தான் அவர், கை நீளமும் அதற்கு ஏற்றபடிதான், பின்னால் ஓடி நீண்ட ரேலி ஆடினால் சீனர்களிடம் நிற்க முடியாது. அதனால் ரேலி தொடங்குவதற்கு முன்பே, சர்வீஸிலும், அதைத் திருப்பி எடுக்கும் ரிசீவிலும், அதற்கு அடுத்த மூன்றாவது பந்திலும் முடிவு செய்துவிடுகிற மாதிரி ஒரு ஆட்டத்தைச் சின்ன வயதிலிருந்தே கட்டியிருக்கிறார்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. எதிராளி பழகிவிட்டால், பந்தின் வேகத்தைக் குறைத்துக் கனமான ஸ்பின்னை அவருடைய உடம்புக்கு ஆடினால், இந்த ஆட்டம் திணறும். சீனாவின் சுன் யிங்ஷா அதைத்தான் செய்கிறார். டோக்கியோ ஒற்றையர் அரையிறுதியில் மிமா அவரிடம் 0-4 என்று தோற்றார், அப்புறம் சிங்கப்பூரின் யு மெங்யூவை வென்று வெண்கலம். ஜப்பான் பெண்களில் ஒலிம்பிக் ஒற்றையர் பதக்கம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். ஆனாலும் சந்தோஷத்தைவிட வருத்தம்தான் அதிகம் என்று அவரே சொன்னார். அணிப் போட்டியில் வெள்ளியும் சேர்ந்து, டோக்கியோவில் மட்டும் மூன்று நிறத்திலும் பதக்கம்.

கிளம்பும்போது அந்த அம்மா என் பேக்ஹேண்ட் நிற்கும் விதத்தைக் கை பிடித்துத் திருத்தினார், முழங்கையை முன்னால் கொண்டு வரச் சொல்லி. பை நிறைய ஆரஞ்சும் கொடுத்து அனுப்பினார்.

புதன், ஷின்கான்சென்

திரும்பும் வண்டியில் எழுதுகிறேன், சுருக்கமாக.

பாரிஸ் 2024க்கு மிமா போகவில்லை. ஜப்பான் ரெண்டு வருடம் நீண்ட உள்நாட்டுத் தேர்வுப் புள்ளிப் பட்டியல் வைத்திருந்தது, அதில் முதல் ரெண்டு இடம் ஹினா ஹயாட்டாவுக்கும் மியு ஹிரானோவுக்கும். அணிக்கான மூன்றாவது இடத்துக்கு 15 வயது மிவா ஹரிமோட்டோவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஹயாட்டா மிமாவின் இரட்டையர் ஜோடியாக ஆடியவர், ஹிரானோ சின்ன வயதுத் தோழி. 13 வயதில் மிமாவும் ஹிரானோவும் சேர்ந்துதான் ஜெர்மன் ஓபன் இரட்டையர் பட்டம் வென்றார்கள். தங்கம் வாங்கியவர் அடுத்த ஒலிம்பிக்கில் டிவியில் ஆட்டம் பார்க்கும் நிலை எனக்கு இன்னும் மனசுக்கு ஒப்பவில்லை, தேர்வு விதிப்படி நடந்தது என்று தெரிந்தும்.

அத்தோடு நிறுத்திவிடுவார் என்று நிறைய பேர் எழுதினார்கள். நிறுத்தவில்லை. 2025 மே மாதம் தோஹாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் ஒற்றையர் வெண்கலம் வாங்கினார். உலக சாம்பியன்ஷிப் ஒற்றையரில் அவருக்கு அதுதான் முதல் பதக்கம். இரட்டையரில், அணியில் எத்தனையோ வாங்கியிருக்கிறார், ஒற்றையர் மட்டும் கையில் சிக்காமல் இருந்தது, 24 வயதில் வந்தது.

ஷிசுவோகா தாண்டிவிட்டது, வலப்பக்கம் கடல் வந்து வந்து மறைகிறது. யாராவது மிமாவின் ஆட்டத்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குவதாக இருந்தால் இந்த வரிசையில் பாருங்கள்: முதலில் 2018 ஸ்வீடிஷ் ஓபன் இறுதி, அப்புறம் டோக்கியோ கலப்பு இரட்டையர் காலிறுதியின் ஏழாவது கேம், கடைசியாகச் சுன் யிங்ஷாவிடம் தோற்ற அரையிறுதி. தோற்றதையும் கட்டாயம் பாருங்கள், எந்தப் பந்தில் அவருக்கு நேரம் கிடைக்காமல் போனது என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் மற்ற ரெண்டு ஆட்டத்திலும் அவர் என்ன செய்தார் என்பது இன்னும் தெளிவாகப் பிடிபடும்.